8 டிகிரி, 29 டிகிரி, 7.5 சென்டிமீட்டர்: ஒரே கணுக்காலுக்கு மூன்று கணக்கா?

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு விவசாயம் செய்கிறேன். என் மகளுக்கு 17 வயது. பள்ளி அணியில் கபடி ஆடுகிறாள், ரெய்டர். பத்து வாரங்களுக்கு முன்பு மண் மைதானத்தில் பயிற்சியின்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கி விழுந்துவிட்டாள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். மூன்று வாரம் கட்டுப் போட்டு வைத்திருந்தோம். இப்போது ஓடுகிறாள், பழைய வேகம் இல்லை. ஓர் இடத்தில் படுக்கவைத்து அளந்து, கணுக்கால் 8 டிகிரிதான் மடங்குகிறது என்றார்கள். இன்னோர் இடத்தில் நிற்கவைத்து அளந்து வலது 29, இடது 40 என்றார்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் சுவரோரம் ஸ்கேல் வைத்துப் பார்த்து வலது 7.5 சென்டிமீட்டர், இடது 11 என்றார். எதை நம்புவது? தினமும் துண்டால் பாதத்தை இழுத்துவிடச் சொல்கிறார்கள். சுளுக்கு எடுப்பவரிடம் காட்டலாம் என்கிறார் என் தாயார். மூன்று வாரத்தில் மாவட்ட அணித் தேர்வு வருகிறது. அனுப்பலாமா?

கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்: "மேடம், குந்தி உட்காரும்போது கணுக்காலின் முன்பக்கம் ஏதோ குறுக்கே நிற்பது போல இருக்கிறது. சாரிடம் சொன்னால் டீமில் இருந்து எடுத்துவிடுவாரோ என்று சொல்லவில்லை."

பதில்:

அன்புள்ள ஐயா,

மூன்று அளவுகளும் சரியாகவே இருக்கலாம். எப்படி அளந்தோம் என்று சொல்லாமல் வெறும் எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பும் எங்கள் இயன்முறை மருத்துவத் தொழிலின் பழக்கம்தான் உங்களைக் குழப்பியிருக்கிறது. கரும்பை வண்டிக் கணக்கிலும் சொல்லலாம், டன் கணக்கிலும் சொல்லலாம். எந்தக் கணக்கு என்று தெரியாமல் ஒருவர் 8 என்றும் இன்னொருவர் 29 என்றும் சொன்னால் நீங்களே அந்த வியாபாரத்தில் கை வைக்கமாட்டீர்கள்.

முதல் அளவை எடுத்துக்கொள்வோம். மகளைப் படுக்கவைத்து முழங்காலை நீட்டச் சொல்லி, கோணமானியின் ஒரு கையைக் கீழ்க்காலின் வழியாகவும் மற்றதைப் பாதத்தின் வெளியோரமாகவும் பிடித்துக்கொண்டு, பாதத்தை முகத்தை நோக்கித் தள்ளிப் பார்த்திருப்பார்கள். பாதமும் கீழ்க்காலும் செங்கோணத்தில் நிற்கும் நிலை பூஜ்யம். அதற்கு மேல் எத்தனை டிகிரி வருகிறது என்பது கணக்கு. பாடப்புத்தகங்கள் 20 டிகிரி வரை இயல்பு என்று எழுதுகின்றன. ஆனால் முழங்காலை நீட்டியபடி அளந்தால், கால் நன்றாக இருக்கிற பலருக்கும் அவ்வளவு வராது. எனவே அந்த 8 என்ற எண் கேட்பதற்குப் பயமாக இருக்கிறதே தவிர, அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது இடத்தில் நிற்கவைத்து, முழங்காலை மடக்கி, உடல் எடை பாதத்தில் இறங்கும்படி முன்னே சாயச் சொல்லியிருப்பார்கள். குதிகால் தரையை விட்டு எழாமல், கீழ்க்கால் எலும்பு நேர்க்குத்தான நிலையில் இருந்து எத்தனை டிகிரி சாய்கிறது என்பதை ஒரு சாய்வுமானியை வைத்துப் பார்ப்போம். இப்போது கைப்பேசியில் இருக்கும் சாய்வுமானியே இதற்குப் போதும். 29 வந்தது இப்படித்தான்.

ஒரே கணுக்கால் ஒரு முறையில் 8 காட்டி, மறுமுறையில் 29 காட்டுவது எப்படி? இரண்டு காரணங்கள். படுத்திருக்கும்போது தள்ளுவது அளப்பவரின் கை. நிற்கும்போது அழுத்துவது உடலின் எடை. இரண்டாவது காரணம் கெண்டைக்காலில் இருக்கிறது. அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தசைகள். மேலே இருப்பது முழங்கால் மூட்டுக்கு மேலிருந்தே தொடங்குகிறது. அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழிருந்து தொடங்குகிறது. இரண்டும் ஒரே தசைநாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பைப் பிடிக்கின்றன. முழங்காலை நீட்டினால் மேல்தசை ஏற்கெனவே இழுபட்டு நிற்கும்; பாதம் மேலே வர அது இடம் கொடுக்காது. முழங்காலை மடக்கினால் அது தளர்ந்துவிடும். முழங்காலை நீட்டியும் மடக்கியும் இரண்டு முறை அளந்து, தடை மேல்தசையில் இருக்கிறதா வேறெங்கேனும் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு, சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் நில்ஸ் சில்ஃபர்ஷெல்டின் பெயரைத்தான் இன்றும் சொல்கிறோம். அவரே ஒரு விளையாட்டு வீரர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் அணியில் இருந்தவர்.

இனி உங்கள் உடற்கல்வி ஆசிரியரின் ஸ்கேல். அவர் செய்தது உலகம் முழுவதும் விளையாட்டு இயன்முறை மருத்துவத்தில் நாங்கள் நம்பிச் செய்கிற சோதனை. பாதத்தைச் சுவரை நோக்கி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடவேண்டும். தொட முடிகிற கடைசி இடத்தில், கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்கவேண்டும். 1998இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அனுபவம் மிகுந்தவரும் குறைந்தவரும் தனித்தனியாக அளந்தபோதும் இந்த அளவு நன்றாக ஒத்துவந்தது. ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 3.6 டிகிரிக்குச் சமம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. போட்டுப் பாருங்கள்: 7.5 சென்டிமீட்டருக்கு 27 டிகிரி, 11 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 40 டிகிரி. இரண்டாவது இடத்தில் சொன்னது 29, 40. ஸ்கேலும் சாய்வுமானியும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. அந்த ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இருந்த கருவியை வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் அளக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அது பெரிய விஷயம்.

முதல் இடத்தில் நான் வருத்தப்படுவது அதற்குத்தான். இடது காலை அளக்கவில்லை. அடிபடாத கால்தான் உங்கள் மகளுக்கான அளவுகோல். பொதுவாக 10 சென்டிமீட்டருக்கு மேல் வந்தால் நல்லது என்போம். ஆனால் பாதத்தின் நீளமும் கீழ்க்காலின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 13 வருகிறது என்பதை வைத்து இவளுக்கு ஒன்றும் சொல்ல முடியாது. இவளுடைய இடது கால் 11 என்கிறது. வலது 7.5 என்கிறது. மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனாலே நாங்கள் கவனிக்கத் தொடங்குவோம். ஆக, குறை இருக்கிறது. உங்கள் கண்ணில் பட்ட அந்த வேகக் குறைவு பிரமை இல்லை. ஒன்று மட்டும் மகளிடம் கேளுங்கள்: இடது காலும் எப்போதாவது மடங்கிச் சுளுக்கியிருக்கிறதா? கபடி ஆடும் பிள்ளைகளுக்கு இரண்டு காலிலும் பழைய சுளுக்கு இருப்பது சகஜம். அப்படியிருந்தால் 11 என்பதே குறைந்துபோன அளவாக இருக்கக்கூடும்.

இனி வீட்டிலேயே நீங்கள் அளக்கலாம். அளக்கவேண்டும் என்றே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த மூன்று வாரம் இந்த ஓர் அளவைப் பின்தொடர்ந்துதான் முடிவெடுக்கப் போகிறோம்.

சுவர் நேராக, தரை சமமாக இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைசிவரை அதே இடம். சுவரில் இருந்து செங்குத்தாகத் தரையில் ஒரு கோடு போடுங்கள், கோலமாவு போதும். சுவரின் மேலும் அதே கோட்டை முழங்கால் உயரத்துக்கு நீட்டிவிடுங்கள். மகள் வெறுங்காலுடன், கால் இரண்டாம் விரலும் குதிகாலின் நடுவும் அந்தக் கோட்டின் மேல் வரும்படி நிற்கட்டும். மற்றக் கால் பின்னால், வசதியாக. கைகளைச் சுவரில் ஊன்றிக்கொள்ளலாம். முழங்கால் சுவரிலுள்ள கோட்டைத் தொடவேண்டும். கோட்டுக்கு உள்பக்கமாகச் சாய்ந்து தொடக்கூடாது. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணுக்கால் மடங்க மறுத்தால் உடல் வேறு வழி தேடும். உள்ளங்கால் வளைவு தரையில் சரியும், முழங்கால் உள்ளே போகும், சுவரைத் தொட்டுவிடும். நீங்கள் 9 என்று எழுதிக்கொள்வீர்கள். கணுக்கால் கொடுத்தது 7 ஆக இருக்கும்.

குதிகாலைக் கண்ணால் பார்த்து ஏமாறாதீர்கள். குதிகாலின் கீழே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, ஒருவர் அதன் நுனியைப் பிடித்துக்கொள்ளட்டும். முழங்கால் சுவரைத் தொடும் நேரத்தில் மெல்ல இழுங்கள். காகிதம் உருவிக்கொண்டு வந்தால் குதிகால் எழுந்துவிட்டது. அந்த அளவு கணக்கில் இல்லை. அரை சென்டிமீட்டர் முன்னே வந்து மறுபடி பாருங்கள். ஒவ்வொரு காலையும் மூன்று முறை அளந்து சராசரியை எழுதுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில், காலையில், பயிற்சிக்கு முன்பு. ஓடி முடித்து உடல் சூடாக இருக்கும்போது எடுத்த அளவையும் தூங்கி எழுந்தவுடன் எடுத்த அளவையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும். தினமும் அளந்தால் அரை சென்டிமீட்டர் ஏறினால் மகிழ்ச்சி, இறங்கினால் வீட்டில் துக்கம் என்று ஆகிவிடும்.

அரை சென்டிமீட்டர் ஒரு செய்தியே இல்லை. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். படிக்கும் காலத்தில் ஒரு கால்பந்து வீரருக்குச் சிகிச்சை கொடுத்து, 3 டிகிரி கூடிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதினேன். என் ஆசிரியை அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடம் அந்த வீரரைச் சும்மா உட்காரவைத்தார். பிறகு மறுபடி அளக்கச் சொன்னார். எந்தச் சிகிச்சையும் இல்லாமல் 4 டிகிரி மாறியிருந்தது. கோணமானியை வைக்கும் இடம் ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், எண் மாறிவிடும். அன்று முதல், என் கையின் பிழையைவிடப் பெரிதான மாற்றம் வந்தால்தான் அதை மாற்றம் என்று எழுதுகிறேன். சுவர்ச் சோதனையில் நான் வைத்திருக்கும் வரம்பு ஒன்றரை சென்டிமீட்டர். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மகள் எழுதிய இரண்டு வரிகளுக்கு வருகிறேன். மூன்று எண்களும் சொல்லாத ஒன்றை அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்: மடங்காமல் நிற்பது எந்த இடத்தில் என்று. முன்னே சாயும்போது பின்பக்கம், கெண்டைக்காலில் இழுக்கிறதா? முன்பக்கம் இடிக்கிறதா? இரண்டுக்கும் ஸ்கேல் ஒரே 7.5ஐத்தான் காட்டும். ஆனால் செய்யவேண்டியது வேறு வேறு. அளக்கும் ஒவ்வொரு முறையும் சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் 'முன்' அல்லது 'பின்' என்று ஒரு சொல் எழுதுங்கள்.

முன்பக்கம் ஏன் இடிக்கிறது என்பதற்கு மூட்டின் அமைப்பைப் பார்க்கவேண்டும். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கணுக்காலில் ஒரு கவடு போல இறங்கி, பாதத்தின் மேலெலும்பு ஒன்றை நடுவில் கவ்விப் பிடித்திருக்கின்றன. அந்த நடு எலும்பின் மேல்பரப்பு முன்னால் அகலம், பின்னால் குறுகல். ஏறக்குறைய ஓர் ஆப்பு. பாதத்தை மேலே மடக்கும்போது அந்த எலும்பு சற்றே பின்னால் வழுக்கிச் சென்று, அதன் அகலமான பகுதி கவட்டுக்குள் இறுகும். அப்போதுதான் மூட்டு மிக உறுதியாக இருக்கிறது. விரல் நுனி கீழே பார்க்கும்போது குறுகிய பகுதி கவட்டுக்குள் இருக்கும், மூட்டு ஆடும். எகிறித் தரையிறங்கும்போது கால் மடங்குவது அந்த நிலையில்தான். வெளிப்பக்கத்து முன் நார் முதலில் கிழிவதும் அப்போதே.

சுளுக்குக்குப் பிறகு, குறிப்பாகச் சில வாரம் கட்டுப் போட்டு வைத்திருந்த பிறகு, அந்த நடு எலும்பு பின்னால் வழுக்க மறுப்பதுண்டு. அந்த நிலையில் துண்டால் பாதத்தை முகத்தை நோக்கி இழுத்தால் என்ன ஆகும்? கதவு இடுக்கில் கல் கிடக்கும்போது கதவை அழுத்திச் சாத்துவது போலத்தான். கெண்டைக்கால் நீளாது, முன்பக்கம்தான் நசுங்கும். அதனால் துண்டு இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். பின்பக்கத்து இழுவை உள்ளவர்களுக்கு அது நல்ல பயிற்சி. இவளுக்கு இப்போது உகந்ததில்லை.

இதற்கு இயன்முறை மருத்துவரின் கை தேவை. நியூசிலாந்தைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் பிரையன் முல்லிகன் வகுத்த ஒரு முறையை நாங்கள் அதிகம் பயன்படுத்துகிறோம். காலை ஒரு முக்காலி மேல் வைத்து, அந்த நடு எலும்பைக் கையால் பின்னே அணைத்துப் பிடித்துக்கொண்டு, கீழ்க்காலை ஒரு பெல்ட்டால் முன்னே இழுத்தபடி, அவளையே மெல்ல முன்னே சாயச் சொல்வோம். வலி இருக்கக்கூடாது. வலித்தால் பிடியை மாற்றுவோம். பல்லைக் கடித்துப் பொறுக்கச் சொல்லும் சிகிச்சை இல்லை இது. சரியான பிடி கிடைத்தால் இடிப்பு குறைந்ததை அந்த அமர்விலேயே அவளால் சொல்ல முடியும். பிறகு வீட்டில் செய்யப் பழைய சைக்கிள் டியூபே போதும். டியூபைப் பின்னால் ஒரு கனமான கட்டில் காலில் கட்டி, அதன் வளையம் இரண்டு கணு முண்டுகளுக்குக் கீழே, பாதத்தின் முன்பக்கத்தைப் பின்னோக்கி இழுக்கும்படி மாட்டிக்கொண்டு, முழங்காலை விரல்களுக்கு மேலே கொண்டுபோய்த் திரும்பவேண்டும். பத்துப் பத்தாக மூன்று முறை. முதலில் ஒருவர் நேரில் காட்டிக்கொடுத்த பிறகு மட்டுமே செய்யட்டும். டியூப் ஒரு விரற்கடை மேலே ஏறிக் கீழ்க்கால் எலும்பில் உட்கார்ந்துவிட்டால் பலன் தலைகீழாகிவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பத்து வாரம் கழித்தும் முன்பக்கம் 'ஏதோ குறுக்கே நிற்கிறது' என்று ஒரு பிள்ளை சொன்னால், ஒருமுறை எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் நான் கை வைக்கமாட்டேன். அந்த நடு எலும்பின் மேல்பரப்பில் குருத்தெலும்போடு சேர்ந்து ஏற்படும் காயம் ஆரம்ப எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. இரவில் வலிக்கிறதா, மாலையில் இன்னும் வீங்குகிறதா, மூட்டு திடீரென்று பூட்டிக்கொள்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காட்டுங்கள். எக்ஸ்ரே பிலிமையும் பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்ல மறக்கவேண்டாம்.

உங்கள் தாயாருக்கு: எண்ணெய் தடவி மெல்ல நீவிவிடுவதில் தவறில்லை அம்மா, பேத்திக்கு அது இதமாகவும் இருக்கும். சொடுக்கி இழுப்பது மட்டும் வேண்டாம். கிழிந்த நார் உரம் பெறுவதற்கு மாதங்கள் ஆகும். இப்போது வேகமாக முறுக்கினால் பாதி ஒட்டியது மறுபடி விட்டுப்போகும்.

கபடிக்கு இந்த மூன்றரை சென்டிமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் மகள் பாடிப் போகும்போது ஒருநாள் அவளுடைய கால்களை மட்டும் பாருங்கள். இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை விரல்களுக்கு மேலே தள்ளி நிற்கிறாள். அந்தத் தாழ்வு முழுக்கக் கணுக்கால் கொடுப்பது. ஒரு காலை நீட்டி எதிராளியின் பாதத்தைத் தொடும்போது, ஊன்றியிருக்கும் கால் ஆழமாக மடங்கவேண்டும். போனஸ் எடுக்கும்போது ஒரு கால் கோட்டைத் தாண்டித் தரையில் படும் நேரத்தில் மற்றக் கால் காற்றில் இருக்கவேண்டும். மொத்த எடையும் ஒரே கணுக்காலில். அந்தக் கணுக்கால் மடங்காவிட்டால் குதிகால் எழும், இல்லையென்றால் முழங்கால் உள்ளே சரியும். கணுக்காலின் கடனை முழங்கால் கட்டும். சுவீடனில் இளம் கூடைப்பந்து வீரர்களை ஓராண்டு கவனித்த ஓர் ஆய்வில், இந்தச் சாய்வு 36.5 டிகிரிக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு முழங்கால்சில்லின் கீழுள்ள தசைநாணில் கோளாறு வந்தது மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. கூடைப்பந்து வேறு, கபடி வேறு. அந்த எண்ணை அப்படியே இவள்மேல் சுமத்தமாட்டேன். ஆனால் எகிறி இறங்கும் எல்லா ஆட்டத்திலும் கணுக்காலும் முழங்காலும் கூட்டாளிகள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. தேர்வுக்கு அனுப்பலாமா?

சுவர் அளவு ஒன்றை மட்டும் வைத்து நான் 'அனுப்பு' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லமாட்டேன். மடங்குகிற கால் தாங்குகிற காலாகவும் இருக்கவேண்டும். வலது கால் 9.5ஐத் தொட்டு, குறிப்பில் 'முன்' என்ற சொல் மறைந்திருக்கவேண்டும். அதோடு, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதில் வலது இடதுக்குச் சமமாக வரட்டும், 20 முறையாவது. அடுத்தது, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கை இடுப்பில், குதிகால் எழாமல், மற்றக் காலைக் கோலக் கோட்டின் வழியே முன்னே எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது என்று இரண்டு பக்கமும் பாருங்கள். அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து அணிகளில் செய்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நீட்டலில் இரு கால்களுக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தவர்களுக்குக் காலில் காயம் ஏற்படும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. இது எல்லாம் சரியென்றால், முழு வேகத்தில் இரண்டு நாள் ரெய்டு போகட்டும். மறுநாள் காலையில் வீக்கம் இல்லை, சுவர் அளவு இறங்கவில்லை என்றால், டேப் சுற்றி அனுப்புங்கள். ஒருமுறை சுளுக்கிய கணுக்காலுக்கு டேப்போ பிரேஸோ (கணுக்காலைத் தாங்கும் உறை) மறுபடி சுளுக்குவதைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. மேட் விரிப்பின் மேல் ஷூவோடு ஆடினால் பிரேஸ். மண்ணில் வெறுங்காலோடு என்றால் டேப்.

என் மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்லி, நாளை மறுநாளே சிகிச்சை தொடங்கினாலும், மூன்று வாரம் போதாமல் போகலாம். இரண்டு சென்டிமீட்டர் மீட்பது நடக்கக்கூடியதுதான். இழந்த பலத்தை மூன்று வாரத்தில் மீட்பது கடினம். புதுச்சேரி உப்பளம் மைதானத்துப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். ஒரு தேர்வைத் தவறவிட்டு அடுத்த ஆண்டு அணிக்குள் வந்தவர்கள் உண்டு. ஆறாத காலோடு தேர்வில் ஆடி, அதே கணுக்கால் திரும்பத் திரும்ப மடங்கி, 20 வயதில் ஆட்டத்தை விட்டவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் எண்ணிக்கையில் அதிகம் என்பது என்னை இன்றும் வருத்துகிறது. பதினான்காம் நாள் காலையில் அளங்கள். அன்று 9ஐக்கூடத் தொடவில்லை என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அனுப்பமாட்டேன்.

மகளுக்கு: நீ எழுதிய அந்த இரண்டு வரிகளுக்கு நன்றியம்மா. அதை உன் சாரிடமும் சொல். இரண்டு காலையும் அளந்து பார்த்தவர் அவர். காரணம் தெரியாமல் உன் வேகம் குறைந்ததைப் பார்த்து அவரும் குழம்பிக்கொண்டிருப்பார். நாளைக் காலையில் வீட்டுத் திண்ணையோரம் குந்தி உட்கார்ந்து பார். இரண்டு குதிகாலும் தரையில் படிகிறதா, வலது எழுகிறதா? இடிப்பது கணுக்காலின் நடுவிலா, உள்பக்கமா, வெளிப்பக்கமா? ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டு, பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள். மருத்துவர் 'எங்கே?' என்று கேட்டதும் அந்தப் புள்ளியைக் காட்டு. அளவு எழுதும் நோட்டு உன்னிடமே இருக்கட்டும். இரு வாரம் கழித்து அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இடது காலின் பக்கத்தையும் சேர்த்து.